நீல மீனும் நாலு மூலையும்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தன் வீட்டு மீன் தொட்டியைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். மஞ்சளும் நீலமுமாக ஐந்து மீன். "இந்த நீலம் மத்ததையெல்லாம் கடிச்சே கொல்லுதுடி, என்ன செய்யறது?" என்று கேட்டிருந்தாள். உடனே ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி உப்புப் போடச் சொன்னாள், ஒருத்தி மஞ்சள் தூள் போடச் சொன்னாள், இன்னொருத்தி வாஸ்து சரியில்லை, தொட்டியை வடகிழக்குக்கு மாற்று என்றாள். பிரஷர் மாத்திரையையும் மூட்டுவலித் தைலத்தையும் விட்டால் பேச்சில்லாத நாம், அன்றைக்கு முழுக்க மீனைப் பற்றியே பேசினோம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதற்குப் பதில் தெரியும். சொல்ல ஆரம்பித்தால் மீனோடு நிற்காது என்பதும் தெரியும்.

உங்களில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் என்னோடு உட்கார்ந்தவர்கள். அந்த வருஷம் அரைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு பெண் திடீரென்று வராமல் போனாளே, மலையிலிருந்து வந்தவள், கணக்கில் எப்போதும் முதலாவது, அவளை ஞாபகம் இருக்கிறதா? என் அத்தை மகள். அவள் ஏன் வராமல் போனாள் என்று அப்போது நீங்கள் கேட்டீர்கள். ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டு நான் பாண்டி ஆடப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். ஏலக்காய் வியாபாரம். வீட்டுக்குப் பின்னாலேயே மூட்டை அடுக்கும் கிட்டங்கி. குரங்கணிக்கு மேலே சின்னதாக ஒரு தோட்டமும் இருந்தது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கை இழுத்துக்கொண்டே உள்ளே வருவீர்கள். அதிலேயே கிடந்த எங்களுக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பிரஷர் வந்துவிட்டது. தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். மதுரையில் பார்த்த டாக்டர், "வீட்டுல ஒரு மீன் தொட்டி வையுங்க. தினமும் அரை மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காருங்க, மனசு அடங்கும்" என்றாராம். என்ன மீன் என்று அவர் சொல்லவில்லை. அப்பா நேரே மீன் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல நிறமாக எது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஆப்பிரிக்கா ஏரியில் இருக்கிற சிக்லிட் என்று ஒரு சாதியைக் காட்டியிருக்கிறார். நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, உடம்பில் வரி போட்டது இரண்டு. மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் கண்ணாடித் தொட்டி சாக்கு சுற்றி வந்தது. மீன்கள் தண்ணீர்ப் பையில் அப்பாவின் மடியிலேயே வந்தன.

முதல் நாள் சாயங்காலம் அப்பா பனியனோடு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆகவில்லை. நீலம் வரி மீனைத் துரத்த ஆரம்பித்தது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, விடாமல். வால் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. "ஏய்! விட்றா அத! விட்றாங்கறேன்ல!" என்று அப்பா கண்ணாடியைத் தட்டிக் கத்தினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள், சிரிப்பை அடக்க. மனசு அடங்க வாங்கிய மீனால் அந்த மாசம் அப்பாவுக்கு மாத்திரை கூடியதுதான் மிச்சம்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்லைத் தகராறு தீர்த்து வைப்பார். ராசிங்காபுரத்திலிருந்தும் பொட்டிபுரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மலையில் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் முட்டிக்கொண்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். போய் நின்று, கயிறு பிடித்து அளந்து, நாலு மூலைக்கும் கல் ஊன்றி, கல்லுக்குச் சுண்ணாம்பும் அடிக்கச் சொல்லிவிட்டு வருவார். அவர் ஊன்றிய கல்லை யாரும் பிடுங்கியதில்லை. "எல்ல தெளிவா இருந்தாச் சண்ட எங்கிட்டு இருந்து வருது?" என்று கேட்பார். 

மீனுக்கும் அதையே செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகுடி ஆற்றுக்குப் போனார். பாசி வழுக்கும் கற்களை நான் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுக்க, அவர் பார்த்துப் பார்த்துச் சாக்கில் போட்டார். வீட்டுக்கு வந்து தொட்டியின் நாலு மூலையிலும் நாலு குகை கட்டினார். நடுவில் வெறும் மணல், அது பொதுவாம். ஆளுக்கு ஒரு மூலை. இரண்டு நாள் அதது அதன் வீட்டில் இருந்தது. அப்பா கிட்டங்கிக்கு வந்தவர்களையெல்லாம் உள்ளே கூட்டிவந்து காட்டினார். மூன்றாம் நாள் நீலம் தன் குகை வாசலில் வந்து நின்றது. பக்கத்தில் யார் வந்தாலும் பாய்ந்தது. பிறகு அடுத்த மூலையையும் எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் வரி மீன் ஒன்று வயிறு தெரிய மிதந்தது. அப்பா புதிதாக ஒன்று வாங்கி விட்டார், அதுவும் போனது. அவர் கற்களை இன்னும் உயரமாக அடுக்கினார்.

அந்த ஆனி மாசத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒரு ஏலத் தோட்டத்தில் அவள் வீட்டுக்காரர் மேஸ்திரியாக இருந்தார். சித்திரையில் காய்ச்சல் என்று படுத்த மனுஷன் எழுந்திருக்கவில்லை. அவர் போனதும் எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தை ஒரு தகரப் பெட்டியோடும் மகளோடும் ஜீப்பில் வந்து இறங்கினாள். எஸ்டேட் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீழேதான் வர வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே," என்று அத்தை வாசலில் நின்றே சொன்னாள். "கிட்டங்கில காய் பொறுக்கிக்கிட்டு ஒரு ஓரமாக் கெடக்கேன். இவ மட்டும் பத்தாவது முடிச்சிரட்டும்."

"என்ன ஆத்தா இப்பிடிப் பேசுற? இது ஒன் வீடு," என்றார் அப்பா. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மனசாரத்தான் சொன்னார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அத்தை மகளை என் அறையில் போட்டார்கள். என்னைவிட எட்டு மாசம் மூத்தவள், மெலிந்த கைகள், எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடை. இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு அறையில் என்றால் சண்டை வரும் என்று அம்மா சொன்னாளாம். அப்பா அன்றைக்கே வந்து அறையைப் பிரித்துக் கொடுத்தார். அலமாரியில் மேல் இரண்டு தட்டு எனக்கு, கீழ் இரண்டு அவளுக்கு. ஜன்னல் பக்கக் கட்டில் எனக்கு, கதவுப் பக்கம் அவளுக்கு. சுவரில் ஆணி அடித்து, இது ஒன் பை, இது அவ பை. மேஜைக்கு நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. "இனி ஒரு சத்தம் வராது பாரு," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முன் அந்த ஜன்னலை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. அது பாட்டுக்கு இருந்தது. அது என்னுடையது என்று அப்பா சொன்ன பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. அவள் அந்தப் பக்கம் வந்து வெளியே எட்டிப் பார்த்தால் போதும், போய்க் கதவைச் சாத்துவேன். அவள் பாவாடை நுனி என் தட்டில் பட்டால் எடுத்துத் தரையில் போடுவேன். கோட்டைத் தாண்டி அவள் பென்சில் உருண்டு வந்தால் முனையை ஒடித்துத் திருப்பிக் கொடுப்பேன். தொடையில் கிள்ளுவேன், அங்கேதான் வெளியே தெரியாது. அவள் திருப்பி ஒன்றும் செய்யமாட்டாள். "சாரமில்ல," என்பாள், மலையாளத்தில், பரவாயில்லை என்று. சோறு போதும் என்பதற்கும் "மதி" என்றுதான் வாயில் வரும். மலைக்குரங்கு என்று நீங்களெல்லாம் அவளைக் கூப்பிட்டீர்களே, அந்தப் பேரை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

காலாண்டுப் பரீட்சை லீவில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் மதுரைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனார். மீன் செத்துக்கொண்டே இருந்தது. கடைக்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும் என்று கிளம்பினார். சின்னக் கடை. தரையிலிருந்து கூரை வரை தொட்டிகள், குமிழி விடும் மோட்டார் சத்தம், ஈரமும் மீன் தீனியும் கலந்த ஒரு வாடை. அப்பா பேசப் பேசக் கடைக்காரர் கையிலிருந்த வலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன மீனுண்ணே வச்சிருக்கீங்க?"

"நாலு."

"கல்லு?"

"ஆளுக்கு ஒரு மூல. நானே கட்டுனேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதுதாண்ணே கோளாறு. வீடு கட்டிக் குடுத்தீங்கன்னா அது வாசல்ல நின்னு காவக் காக்கத்தான செய்யும்? இந்தச் சாதி மீனக் கொஞ்சமா வைக்கக் கூடாது. பதினஞ்சு இருபதுன்னு விடுங்க. ஒண்ண வெரட்டிப் போறப்ப ரெண்டு குறுக்க வரும். எதன்னு வெரட்டும்? ஒரே மீனு மேல விழுற அடி பத்துக்கும் பிரிஞ்சு போயிரும். எதுவும் சாகாது. ஆம்பள ஒண்ணுன்னா பொம்பள மூணு நாலு வேணும். புதுசு விடுறப்பக் கல்லப் பூராம் கலைச்சு வேற மாதிரி அடுக்கிருங்க. பழசுக்குத் தன் வீடு எதுன்னு அடையாளம் தெரியக் கூடாது. அப்பறம் அந்த நீலத்தப் புடிச்சு ஒரு வாரம் தனியா வையுங்க. திரும்பி வர்றப்ப அங்க அதுதான் புதுசு. பொட்டிப்பாம்பா அடங்கிரும்."

அப்பாவின் முகம் சிறுத்துப் போனது. "எல்லையவே அழிக்கச் சொல்றீங்க."

"மீனுக்குண்ணே. ஆனா ஒண்ணு, கூட்டம் சேந்தாத் தண்ணி வெரசாக் கெட்டுப்போகும். வாரத்துக்கு ரெண்டு தடவ கால்வாசித் தண்ணி மாத்தணும். அந்தச் சோலிய யாரு பாப்பா?"

"நான் பாக்குறேன் மாமா," என்றாள் அத்தை மகள். அப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் முந்திக்கொண்டுவிட்டாளே என்று நானும், "நானும் பாப்பேன்ப்பா" என்றேன்.

அப்பா புதிதாகப் பன்னிரண்டு மீன் வாங்கிக்கொண்டார். மறுநாள் நீலத்தைப் பிடித்து அண்டாவில் விட்டோம். இரண்டு பேரும் தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டு, அப்பா கட்டிய நாலு குகையையும் கலைத்தோம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார், ஒரு கல்லையும் தொடவில்லை. அத்தை மகள்தான் கல் அடுக்கினாள். ஒவ்வொரு இடுக்குக்கும் இரண்டு வழி வைத்தாள். "ஒரு பக்கம் பூந்தா இன்னொரு பக்கமா வெளிய வரணும். முட்டுச்சந்தா இருந்தா உள்ள மாட்டிக்கிட்டுச் செத்துப்போகும்," என்றாள். ஒரு வாரம் கழித்து நீலத்தைத் திரும்ப விட்டபோது அது மோட்டார்க் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிறகு துரத்தத்தான் செய்தது, ஆனால் கடைக்காரர் சொன்னது போலவே பாதியில் மறந்துவிடும். ஒன்றும் சாகவில்லை. அப்பா அரை மணி நேரம் முழுசாக உட்கார்ந்து மீன் பார்த்தது அந்த மாசம்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்களுக்குள்ளும் சண்டை குறைந்தது. செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் தண்ணீர் மாற்றுவோம். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு மறுமுனையை வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வருவதற்கு ஒரு நொடி முன்னால் வாயை எடுத்துவிட வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு வரவே வராது. வாய் நிறைய மீன் தண்ணீரை வைத்துக்கொண்டு நான் முழிப்பேன், அவள் தரையில் உட்கார்ந்து சிரிப்பாள். அறைக்குள் கோடு அப்படியேதான் இருந்தது. தொட்டிக்கு முன்னால் ஒரு கோடும் இல்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயம் ஆரஞ்சு மீன் தீனி எடுப்பதை நிறுத்தியது. மற்றதெல்லாம் மேலே வந்து முட்டி மோதும், அது ஒரு ஓரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கும். தாடை வீங்கியிருந்தது. "சீக்கு மீனு. எடுத்து வெளிய போடு," என்றார் அப்பா.

"வேணாம் மாமா. வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு."

அப்பா சிரித்தார். "யாரு சொன்னா?"

"எங்க எஸ்டேட்டுக் குளத்துல ஜிலேபிக் கெண்ட இப்பிடித்தான் வச்சிருக்கும். குஞ்சு பெருசாகுற வரைக்கும் எதுவும் திங்காது. வாயத் தெறந்தாப் போச்சுல்ல?" என்றாள். போய் டார்ச் லைட்டைக் கொண்டுவந்து அதன் தாடைக்கு நேரே பிடித்தாள். தோலுக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. அத்தனையும் கண்கள். அப்பா கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று பார்த்தார். 

பிறகு ஒரு வாரம் வீட்டில் அதுதான் பேச்சு. வருகிறவர்களிடமெல்லாம், "ஆறாப்புப் படிக்கிற பிள்ள, எம்புட்டு வெவரம் பாருங்க இதுக்கு" என்பார். அந்த மீனை ஒரு பழைய மிட்டாய் ஜாடியில் தனியாக வைக்க அவளுக்கு அனுமதி கொடுத்தார். அவள் ஜாடியைச் சுற்றித் துண்டைக் கட்டினாள், ஆள் நடமாட்டம் பார்த்து அது பயந்துவிடக் கூடாதாம். தன் கட்டிலுக்கு மேலே சுவரில் நாளுக்கு ஒரு பென்சில் கோடு போட்டாள். "குஞ்சு மட்டும் நல்லபடியா வெளிய வரட்டும் ஆத்தா," என்றார் அப்பா. "ஒனக்குன்னு ஒரு தொட்டி வாங்கித் தர்றேன். நடு வீட்டுல வைப்போம்."

அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்று நான் இதைக் கேட்டேன். அதே வாரம்தான் வகுப்பில் காலாண்டு மார்க்கை டீச்சர் வாசித்தார்கள். அவள் முதலாவது. நான் எத்தனையாவது என்பது உங்களுக்கே தெரியும்.  என் அப்பா, என் வீடு, நடு வீட்டில் அவளுக்கு ஒரு தொட்டி. பதினோரு வயதில் எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

குஞ்சு வெளியே வர இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை என்று பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். அவள் வந்ததும் சட்டை மாற்றிக்கொண்டு அத்தையோடு காய் பொறுக்கக் கிட்டங்கிக்குப் போய்விட்டாள். அம்மா படுத்திருந்தாள். நான் ஜாடியைத் தூக்கினேன். சும்மா பார்க்கத்தான் தூக்கினேன், கை வழுக்கிவிட்டது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். பெரிய தொட்டியில் ஊற்றத்தான் தூக்கினேன். ஊற்றினேன்.

முதலில் நீலம்தான் வந்தது. ஆரஞ்சு மீன் வாயை மூடியபடியே கல் இடுக்குகளுக்குள் ஓடியது, ஒரு பக்கம் புகுந்து இன்னொரு பக்கம் வந்தது. மூன்று வாரம் தின்னாத உடம்பு, எவ்வளவு தூரம் ஓடும்? விலாவில் அடி விழுந்துகொண்டே இருந்தது. குழாய் மூலையில் வைத்து அது வாயைத் திறந்துவிட்டது. அரிசி அளவில் கண்ணும் வாலுமாக இருபது குஞ்சு இருக்கும். தொட்டியில் இருந்த அத்தனை மீனும் வந்துவிட்டன. வலையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கையை விட்டுத் துழாவினேன். அந்த அவசரத்திலும் தாய் மீன் இரண்டு குஞ்சைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்புறம் அதையும் விட்டுவிட்டது.

என் சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். மேலே மிதந்த ஆரஞ்சு மீனையும் காலி ஜாடியையும் பார்த்தார். "யாரு செஞ்சது?"

"அவதாம்ப்பா. குஞ்சு வந்துருச்சான்னு பாக்க ஊத்துனா. நான் வேணாம்னு சொன்னேன்."

அவரைத் தொடர்ந்து அவளும் அத்தையும் வந்து நின்றார்கள். அவள் கையெல்லாம் ஏலக்காய்த் தூசி. தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேச வாயைத் திறந்தாள். அத்தை அவள் தோளை அழுத்தினாள். "மாமாகிட்ட எதுத்துப் பேசாத," என்றாள், அவ்வளவு மெதுவாக. அவள் வாயை மூடிக்கொண்டாள். அத்தை எங்கள் வீட்டில் இருந்த ஐந்து மாசமும் அப்படித்தான் இருந்தாள். குழம்பு மிஞ்சவில்லை என்றாலும், அம்மா ஒரு சொல் சொன்னாலும் ஒன்றும் பேசமாட்டாள். வாயைத் திறந்தால் மகளின் படிப்பு கீழே விழுந்துவிடும் என்று பயந்தாள். இதை நான் உணர எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ரெண்டும் ஒரே எடத்துல ஒத்து வராது போலருக்கு ஆத்தா. கொஞ்ச நாளைக்கு ஒங்கொழுந்தன் வீட்டுல இருங்க. எல்லாம் ஆறட்டும். பெறகு பாப்போம்."

"அரப் பரீட்ச வருதுண்ணே."

அப்பா எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"சரிண்ணே," என்றாள் அத்தை.

கடைக்காரர் தனியாக எடுத்து வைக்கச் சொன்னது அடிக்கிற மீனை. அப்பா எடுத்தது அடிபட்டதை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. கதவுப் பக்கமும் எனக்கே வந்துவிட்டது என்பதுதான் தெரிந்தது. ஜீப் ஸ்டாண்டுக்கு அப்பா மட்டும் போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கெழம தண்ணி மாத்த மறந்துராத."

கொஞ்ச நாள் என்று போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கொழுந்தன் வீட்டில் அவர்களே ஒரு அறையில் ஆறு பேர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. தை பிறப்பதற்குள் அவள் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு காய் எடுக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சுவரில் இருந்த பென்சில் கோடுகள் போய்விட்டன. நான் பத்தாவது முடித்தேன், காலேஜ் முடித்தேன், வேலைக்கும் போனேன். தொட்டியில் அதற்குப் பிறகு சண்டையே இல்லை. சில வருஷம் கழித்து ஓரத்தில் ஒழுக ஆரம்பித்து, அதைப் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டோம்.

போன ஆவணியில் அத்தை இறந்துபோனாள். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, மலை ஏற முடியாது. நான்தான் போனேன். அத்தை மகள் இப்போது காய் எடுக்கும் ஆட்களுக்கெல்லாம் தலைமை. விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது. அவள் மகளைக் கோட்டயத்தில் நர்சிங் படிக்க வைக்கிறாள். பால் தெளித்த அன்றைக்கு, ஆட்கள் கலைந்த பிறகு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வெளியே இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு அந்த ஜாடிய ஊத்துனது நாந்தான்."

"தெரியும்."

"அத்தைக்கு?"

"அம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும்."

டம்ளரைத் தரையில் வைத்தேன். "அப்பாவுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஜீப்புல ஏத்திவிடுறப்ப அம்மா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. 'ஒம் மக மேல தப்பில்ல, எனக்குத் தெரியும்'னாரு. நான் உள்ள ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

இத்தனை வருஷமும் என் பொய்யை அப்பா நம்பிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மையான ஒரு மனுஷனைத் தப்பாகத் தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டேன் என்பதுதான் என் பாரமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஜீப் பிடித்துக் கீழே இறங்கினேன். அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். தங்கையின் காரியம் எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் கேட்டேன்.

"அந்த மீனு ஜாடிய ஊத்துனது யாருன்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமாமே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 

"ஒன் சட்டக் கை முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு," என்றார்.

"பெறகு ஏம்ப்பா அவள அனுப்புனீக?"

"அவளுக்குப் போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு," என்றார் அப்பா. "ஒன்ன எங்கிட்டு அனுப்ப?"

மலையில் கல் ஊன்றிவிட்டுப் பேசுகிற அதே நிதானமான குரல். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.  குனிந்து என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.